கயிற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு கை அச்சு யந்திரம், கையில் 8 வாரம்: எதை வைப்பது, எதை விடுவது?

நாலாம்_பெஞ்சு

வணக்கம். நாங்கள் ஐந்து பேர். இரண்டு பேர் வடிவமைப்பு, இரண்டு பேர் கணினி, ஒருத்தி வரலாறு. இந்தப் பருவத்துக்குக் கிடைத்த புராஜெக்ட் இதுதான்: ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் மூலையில், பார்வையாளர் கைவைத்துச் செய்துபார்க்கும்படி ஏதாவது ஒன்றை உருவாக்க வேண்டும். இடம் 3 மீட்டருக்கு 4 மீட்டர். அங்கே ஏற்கெனவே இருப்பது, கயிறு கட்டித் தடுத்த ஒரு கை அச்சு யந்திரம், கண்ணாடிப் பெட்டிக்குள் ஈய எழுத்துகள் நிறைந்த இரண்டு கேஸ் (அறை அறையாகத் தடுத்த எழுத்துத் தட்டு), ஒரு கம்போசிங் ஸ்டிக் (எழுத்துகளை வரியாகக் கோர்க்கும் கைச்சட்டம்). மக்கள் வருகிறார்கள், யந்திரத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். எழுத்துப் பெட்டிப் பக்கம் யாரும் திரும்புவதே இல்லை.

12 வாரத்தில் 4 போய்விட்டது. இதுவரை எங்கள் பட்டியலில் இருப்பவை: 55 அங்குலத் தொடுமேசை, அதில் விரலால் எழுத்துகளை இழுத்துப்போட்டு வாக்கியம் அமைப்பது, போனைக் காட்டினால் யந்திரம் ஓடுவதுபோலத் தெரியும் ஏ.ஆர். செயலி, அச்சு வரலாற்றில் வினாடி வினா, முதலில் வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் சுவரில், பின்னணியில் பழைய அச்சக ஓசை.

நேற்று எங்கள் வழிகாட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரி, இதை முடித்துவிட்டு வெளியே போகிறவர் வாசலில் நிற்கும் நண்பரிடம் என்ன சொல்வார்?" ஐந்து பேரும் ஐந்து பதில் சொன்னோம். அதற்குப் பிறகு குழுவுக்குள் பேச்சே சரியில்லை.

இந்த மாதிரி வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால், எதை முதலில் வெட்டுவது என்று சொல்லுங்கள்.

கூடக்காரி

தம்பி, நான் காட்சிக்கூடத்தில் பல வருடம் நின்றவள். வடிவமைப்பு படித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு புது மேசைக்கும் திறப்பு விழாவும் பார்த்திருக்கிறேன், "பழுது, மன்னிக்கவும்" அட்டை ஒட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அட்டை ஒட்டியது பெரும்பாலும் நான்தான்.

முதலில் வெட்ட வேண்டியது வினாடி வினா. அதைத் தொடுகிற பிள்ளைகள் கேள்வியைப் படிப்பதில்லை. நாலு பதிலையும் வரிசையாகத் தட்டுவார்கள், பச்சை வந்ததும் அடுத்தது. பித்தானை அழுத்திவிட்டு, என்ன ஆகிறது என்று பார்க்காமலே அடுத்த பித்தானுக்கு ஓடுவது இன்று வந்த பழக்கமில்லை. 1903-இல் ஆஸ்கர் ஃபோன் மில்லர் மியூனிக்கில் தொடங்கிய டாய்ச்சஸ் மியூசியம், அழுத்தினால் ஓடும் மாதிரிகளுக்குப் பேர்போனது. அந்த வழியில் வந்த அருங்காட்சியகங்கள் எல்லாமே இந்த ஓட்டத்தைப் பார்த்திருக்கின்றன.

இரண்டாவது, எழுத்துப் பெட்டியை ஏன் யாரும் பார்ப்பதில்லை என்று போய்ப் பார்த்தீர்களா? நான் உங்கள் கூடத்தைப் பார்த்ததில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன். பெட்டி இடுப்பு உயரத்தில் தட்டையாகக் கிடக்கும். கண்ணாடியில் மேல்விளக்கு பளபளக்கும். உள்ளே இருப்பது விரல் நகம் அளவு எழுத்து. பார்க்க வேண்டுமானால் முதுகை வளைக்க வேண்டும். 1916-இலேயே, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் இதைப் பற்றி எழுதிவிட்டார். ஒரு ஆளை நிறுத்தி, காட்சிப்பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க அவர் எப்படியெல்லாம் குனிகிறார், வளைகிறார், எட்டுகிறார் என்று படம் பிடித்துப் போட்டார். 'அருங்காட்சியகச் சோர்வு' என்று அதற்குப் பெயர். நூறு வருடம் கழித்தும் நாம் அதே பெட்டியைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

உங்கள் பட்டியலில் ஆறு விஷயம் இருக்கிறது. அதில் ஒன்றுகூட, அந்த ஈய எழுத்தைப் பார்வையாளரின் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவரவில்லை. கவனித்தீர்களா?

லூப்புக்குள்

திரை என்றாலே ஒரு கூட்டம் கல்லெடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. நான் திரைக்காரன், என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே இடத்தில் நாலு மொழி வேண்டுமா? திரை. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டுமா? திரை. காது கேளாதவருக்கு வசன வரி? திரை. விளக்க அட்டையில் 60 சொல்லுக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை என்று இவர்களே சொல்வார்கள், மிச்சத்தை எங்கே வைப்பதாம்?

கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 2013-இல் 'கேலரி ஒன்' என்று ஒரு கூடம் திறந்தது. சேகரிப்பிலுள்ள ஆயிரக்கணக்கான படைப்புகள் ஓடும் 40 அடித் தொடுசுவர், கலைப்பொருளுக்குப் பக்கத்திலேயே தொடுதிரைகள். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். அதெல்லாம் தோல்வியா?

கூடக்காரி

தோல்வி இல்லை. அதே கூடத்தை 2017-இல் மாற்றினார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திரையைத் தொடுவதைக் குறைத்து, உடம்பின் அசைவை வைத்து விளையாடும்படி செய்தார்கள். பார்வையாளரின் கண் திரையில் ஒட்டிக்கொள்ளாமல் கலைப்பொருளுக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் காரணம். பணமும் ஆளும் நிறைய உள்ள இடமே நாலு வருடத்தில் மறுபடி யோசித்தது. இவர்களிடம் 8 வாரம்.

ஈயவிரல்

வணக்கம். நான் அச்சுக்கோர்ப்பு வேலை பார்த்தவன். கைவேலை, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால். இப்போது வீட்டில் ஒரு சின்ன யந்திரமும் கொஞ்சம் எழுத்தும் வைத்துக்கொண்டு பொழுதைப் போக்குகிறேன்.

வாசலில் நண்பரிடம் என்ன சொல்வார் என்று கேட்டார் அல்லவா உங்கள் வழிகாட்டி, அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஸ்டிக்கை இடது கையில் பிடித்து, கட்டைவிரலால் கடைசி எழுத்தை அணைத்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைப்போம். எழுத்தின் முகம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கும். அதை நாங்கள் தலைகீழாக வைப்போம், ஆனால் இடமிருந்து வலமாகத்தான் கோர்ப்போம். இடவலம் மாறியதைத் தலைகீழாகத் திருப்பினால் என்ன ஆகும்? வரி இடமிருந்து வலமாகவே ஓடும், எழுத்து மட்டும் கால் மேலே தலை கீழே என்று நிற்கும். அதை அப்படியே படித்துவிடுவோம். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதல் வாரம் தலை சுற்றும். அப்புறம் அதுதான் நேர், புத்தகம்தான் கோணல் என்று ஆகிவிடும்.

எழுத்தைப் பார்த்துத் திருப்ப நேரம் கிடையாது. ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஒரு பக்கம் சின்ன வெட்டு இருக்கும். அதை விரல் தேடிப்பிடிக்கும். வெட்டு அந்தப்பக்கம் பார்த்தால் எழுத்து சரியாக நிற்கிறது என்று அர்த்தம். கண் அதற்குள் அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும்.

ஒருவரைத் தன் பெயரை இப்படி ஒரே ஒரு தடவை கோர்க்கவிடுங்கள். உதாரணமாக 'கொ' என்று வைக்க, கொம்பு ஒன்று, 'க' ஒன்று, கால் ஒன்று என மூன்று கட்டை எடுக்க வேண்டும். "கொடி என்று எழுத நாலு கட்டை எடுத்தேன்" என்று வெளியே போய்ச் சொல்வார். 'டி' ஒரே கட்டை.

இன்னொன்று. சும்மா கோர்க்கவிட்டால் சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. ஸ்டிக்குக்கு அந்தப்பக்கம், அதாவது கோர்ப்பவருக்கு எதிர்ப்பக்கத்தில், ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியை நிமிர்த்தி நிறுத்துங்கள். தலைகீழாக நிற்கும் வரி கண்ணாடிக்குள் நேராகத் தெரியும். பழகாத விருந்தாளிகளுக்கு நான் அப்படித்தான் காட்டுகிறேன். கரண்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

நாலாம்_பெஞ்சு

ஐயா, இதைப் படித்ததும் ஒரு தடிமனான அட்டையில் நாலு எழுத்தை இடவலம் மாற்றி வரைந்து, வெட்டி, தலைகீழாக வைத்து, எதிரே போன் திரையை அணைத்துக் கண்ணாடியாக நிறுத்திப் பார்த்தோம். நேராகத் தெரிகிறது! நாங்கள் தொடுமேசையில் இதே திருப்பலைக் காட்ட முன்னூறு வரி கோட் எழுதியிருந்தோம். அதை எழுதியவன் இப்போது என்னோடு பேசவில்லை.

அவன் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மதிப்பீட்டுத் தாளில் 'தொழில்நுட்பப் பயன்பாடு' என்று ஒரு தலைப்பு உண்டு. முகம்பார்க்கும் கண்ணாடியை அதில் எப்படி எழுதுவது என்கிறான்.

பின்வரிசை

ஏ.ஆர். என்று எழுதினால் பரிசு. கண்ணாடி என்று எழுதினால் பூஜ்யம். 'மின்சாரமற்ற நிகழ்நேர ஒளியியல் காட்சிப்படுத்தல்' என்று எழுதுங்கள், நூற்றுக்கு நூறு.

சால்டரிங்

மேலே உள்ளவர் சிரிப்புக்குச் சொன்னாலும், விஷயம் அதுதான். எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் தொழில்நுட்பம் இல்லாத இடம் என்று யாராவது சொல்வார்களா? இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் (அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பி) 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய அறிவியல் அருங்காட்சியகம் அது. அங்கே பாதிப் பொருள் கண்ணாடி, லென்ஸ், ஊசல், தண்ணீர். பட்டறையையே பார்வையாளர் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார்கள். என்ன வேலை செய்கிறது என்பது மறைந்து கிடக்கவில்லை.

நான் மின்னணு ஆள், அதனால் உங்கள் கணினி நண்பருக்கு அடுத்து என்ன தோன்றும் என்று தெரியும்: ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ஒரு என்.எஃப்.சி. வில்லை (அருகே கொண்டுபோனால் தன் எண்ணைச் சொல்லும் சில்லு), ஸ்டிக்குக்குள் அதைப் படிக்கும் ரீடர், எந்த எழுத்து வந்தது என்று திரையில் காட்டுவது. செய்யலாம். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, எழுத்து வரிசை தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு குழிக்கும் தனித்தனி ஆன்டெனா வேண்டும். ஒரு ரீடர் போதாது. இரண்டு, ஸ்டிக் உலோகமாக இருந்தால் என்.எஃப்.சி.யின் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலை படுத்துவிடும். நடுவில் உலோகத்தின் பாதிப்பைத் தடுக்கும் ஃபெரைட் தாள் வைக்க வேண்டும், அல்லது ஸ்டிக்கை மரத்தில் செய்ய வேண்டும். 8 வாரத்தில் 5 வாரம் இதற்கே போகும். அதற்குப் பிறகு கிடைப்பது, கண்ணாடி இலவசமாகக் காட்டுவதைத் திரை கொஞ்சம் தாமதமாகக் காட்டுவதுதான்.

இதைவிட முக்கியமான கேள்வி: நீங்கள் படிப்பை முடித்துப் போன பிறகு காலையில் அதை யார் ஆன் செய்வார்கள்?

கூடக்காரி

சால்டரிங் கேட்ட கடைசிக் கேள்வியைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். நான் இருந்த ஒரு இடத்தில் மாணவர்கள் அருமையாக ஒன்று செய்துகொடுத்தார்கள். காலையில் ஆன் செய்ய விசைப்பலகையில் ஏதோ கடவுச்சொல் அடிக்க வேண்டும். எழுதி ஒட்டிய தாள் சுத்தம் செய்யும்போது போய்விட்டது. அவ்வளவுதான், ஒரு வருடம் கறுப்புத் திரையாக நின்றது. யார்மேலும் தப்பில்லை.

இனி உருப்படியாக: அட்டையில் வெட்டிப் பார்த்தீர்களே, அதையே நாளைக்கு மேசைமேல் வைத்து முன்பின் தெரியாத ஆட்களை உட்கார வையுங்கள். உங்கள் வகுப்புத் தோழர்கள் வேண்டாம், அவர்கள் உங்களைச் சந்தோஷப்படுத்தப் பார்ப்பார்கள். அருங்காட்சியகத்திடம் அனுமதி வாங்கி, "இங்கே ஒரு சோதனை நடக்கிறது, நாங்கள் கவனித்துக் குறிப்பெடுக்கிறோம்" என்று பலகை வைத்துவிட்டு, தள்ளி நில்லுங்கள். வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். பார்வையாளர் கட்டையைத் தப்பாக வைக்கும்போது உங்களுக்குக் கை துறுதுறுக்கும், போய்த் திருத்தத் தோன்றும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் விளக்கினால்தான் புரிகிறது என்றால் காட்சியோடு உங்களையும் சேர்த்து அங்கே நிறுத்த வேண்டியிருக்கும்.

எழுத வேண்டியது மூன்றுதான்: முதலில் எதைத் தொட்டார், எங்கே நின்று முழித்தார், எதை விட்டுவிட்டுப் போனார். கடைசியில் "பிடித்திருந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "இது எதைப் பற்றியது?" என்று கேளுங்கள்.

சூ ஆலன், ஜோஷுவா கட்வில் என்று இருவர், எக்ஸ்ப்ளோரட்டோரியத்தில் பார்த்ததை வைத்து 2004-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே காட்சியில் பல செயல்களை வைத்தால் எங்கெல்லாம் சறுக்கும் என்று ஐந்து இடம் சொன்னார்கள். எல்லாமே ஒரே அளவு கண்ணைப் பறித்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. ஒருவர் செய்வதை இன்னொருவர் கெடுத்துவிடுவார். நடக்கிற விஷயத்தையே குலைக்கும்படி ஒரு பித்தான் இருக்கும். முக்கியமானது தேடினால்தான் கிடைக்கும். பக்கவாத்தியம் பாட்டை அமுக்கிவிடும். உங்கள் பழைய பட்டியலை இந்த ஐந்தோடு வைத்துப் பாருங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சக்கரநாற்காலி

உயரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பேசுகிறேன்.

அமெரிக்க அணுகல் விதிகளில், நாற்காலியில் இருந்தபடி கை எட்டும் எல்லை தரையிலிருந்து 15 முதல் 48 அங்குலம், ஏறக்குறைய 38 முதல் 122 செ.மீ. மேசைக்கடியில் முழங்கால் நுழைய 27 அங்குலம், அதாவது 68.5 செ.மீ. வெற்றிடம் வேண்டும். இது உங்களுக்குச் சட்டமாக இல்லாமலிருக்கலாம். ஆனால் முழங்கால் எல்லா இடத்திலும் ஒரே முழங்கால்தான். மேசைக்கு முன்பக்கம் அழகுக்காக ஒரு பலகை அடிப்பார்கள் பாருங்கள், அதை அடிக்காதீர்கள். அடித்தால் நான் பக்கவாட்டில் திரும்பி நின்று, இடுப்பை முறுக்கிக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

கண்ணாடி யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் உட்கார்ந்திருக்கிறவரின் கண் தாழ்வாக இருக்கும், தட்டையாகக் கிடக்கும் கட்டைகளின் முகம் ஒடுங்கித் தெரியும். பலகையைக் கொஞ்சம் சரிவாக வையுங்கள். அச்சகத்தில் கேஸ் வைக்கும் மேசையே சாய்வாகத்தானே இருக்கும்? சின்னப் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

ஈயவிரல் ஐயா சொன்ன அந்த வெட்டையும் விட்டுவிடாதீர்கள். ஆழமாகப் போடுங்கள். பார்வை இல்லாதவர் கட்டையை எந்தப் பக்கம் திருப்புவது என்று விரலாலேயே கண்டுபிடிப்பார். அவருக்காக என்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம், அந்தத் தொழிலிலேயே அது இருக்கிறது.

ஈயவிரல்

நன்றாகச் சொன்னீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். உண்மையான எழுத்தைப் பார்வையாளர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அது ஈயமும் ஆன்டிமணியும் தகரமும் சேர்ந்த கலவை, பெரும்பங்கு ஈயம். நாங்கள் கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தால் திட்டு விழும். குழந்தைகள் வாயில் வைக்கும். மரத்தில் செய்யுங்கள். உண்மையானதைக் கண்ணாடிக்குள்ளேயே விட்டு, பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி வையுங்கள்.

சால்டரிங்

கட்டை அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு ஒரு சோதனைக் குழாய் வைத்திருக்கிறார்கள், விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுசாகப் போய்விடும் பொருள் தொண்டையிலும் போய்விடும். உங்கள் கட்டையின் குறுக்களவு 4 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். கண்ணாடியும் நிஜக் கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் போதும்.

நாலாம்_பெஞ்சு

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

நுரைப்பலகையில் 60 கட்டை வெட்டினோம். கேஸுக்குப் பதில் அட்டைப்பெட்டி, நடுவில் தடுப்புகள். ஸ்டிக்குக்கு ஒரு அலுமினியக் கோணப்பட்டை. பலகையைச் சரிவாக வைத்து எதிரே அக்ரிலிக் கண்ணாடியை டேப்பால் ஒட்டினோம். ஒரு விளக்க அட்டை, மூன்று பத்தி, எங்கள் வரலாற்றுத் தோழி இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதியது.

முதல் நாள் காலை ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். அட்டையைப் படித்தவர் ஒருவர்கூட இல்லை. ஒருவர் அதை எடுத்து எழுத்துகளை அள்ளப் பயன்படுத்தினார். தோழி அப்புறம் தானே சிரித்துவிட்டாள், அந்த நிமிஷம் சிரிக்கவில்லை.

ஒரு சின்னப் பெண் வந்தாள், பின்னால் தாத்தா. அவள் 'ம' எடுத்தாள். இடவலம் மாறியிருக்கிறது என்று கண்டுகொண்டாள். கட்டையை இப்படியும் அப்படியும் திருப்பினாள், எப்படித் திருப்பினாலும் நேராகவில்லை. முகம் சுருங்கியது. எனக்குக் கை துறுதுறுத்தது (அக்கா, கட்டிக்கொண்டுதான் நின்றேன்). தலை மேலே இருக்கும்படி வைத்தாள். அடுத்த எழுத்தும் அப்படியே. நிமிர்ந்தபோது கண்ணாடி கண்ணில் பட்டது. அதில் தலைகீழாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கண்ணாடியையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் ஒரே ஒரு கட்டையை மட்டும் தலைகீழாகத் திருப்பினாள். "தாத்தா, இங்க பாருங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூடத்திலிருந்து ஆள் எட்டிப்பார்த்தார். மிச்சத்தையும் மடமடவென்று திருப்பிவிட்டாள். தாத்தாவிடம் "இது எதைப் பற்றியது?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்வதற்குள் அவளே, "எல்லாத்தையும் தப்பா வெச்சாதான் சரியா வரும்" என்றாள்.

கோட் எழுதிய நண்பன் அன்று சாயங்காலம் என்னோடு பேசினான்.

சொதப்பியதும் உண்டு. கோர்த்த வரியை வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுக்க வேண்டும் என்று, மை வேண்டாம் அழுக்காகும் என யோசித்து, கட்டைகளின்மேல் மெல்லிய தாளை வைத்து மெழுகுக் கலரால் தேய்க்கச் சொன்னோம். அழகாக எழுத்து வந்தது. இடவலம் மாறி! மூன்றாவது ஆள் தேய்த்து முடித்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்கும்வரை எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தேய்த்தால் மேலிருந்து பார்க்கிறபடிதானே வரும், அச்சிட்டால்தானே திரும்பும். இத்தனை நாள் திருப்பல், திருப்பல் என்று பேசியவர்கள் நாங்கள்.

இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

ஈயவிரல்

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கார்பன் தாள் கிடைக்குமா? கட்டைமேல் கார்பன் தாளை மைப்பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள், அதன்மேல் வெள்ளைத் தாள். மேலிருந்து ஒரு மரக்கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். மை வெள்ளைத் தாளின் அடிப்பக்கம் ஒட்டும். எடுத்துத் திருப்பினால் நேர் எழுத்து. தாளைத் திருப்புகிற அந்த நொடிதான் அச்சு வேலையிலேயே ருசியான நொடி. எனக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

லூப்புக்குள்

அந்தப் பெண் குழந்தை கதை நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு பெரிய யந்திரம் நிற்கிறதே, அதற்கும் இந்தக் கட்டைகளுக்கும் என்ன தொடர்பு என்று கண்ணாடி சொல்லுமா? ஒரு பக்கம் கோர்க்க எவ்வளவு நேரம், ஒரு ஆள் எவ்வளவு வேகமாகச் செய்வார், இதையெல்லாம் எப்படிக் காட்டுவீர்கள்? எல்லாத் திரையையும் வெட்டிவிட்டு 'எளிமை' என்று சொல்லிக்கொள்வது சோம்பேறித்தனமும் ஆகலாம்.

நாலாம்_பெஞ்சு

இது சரியான கேள்வி. நாங்களும் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறோம். பிள்ளைகள் கோர்த்துவிட்டு யந்திரத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஈயவிரல்

என் கையைப் படம் எடுத்து அனுப்பட்டுமா? கை மட்டும். ஒரு வரி கோர்ப்பது, அதைக் கட்டி யந்திரத்தில் ஏற்றுவது, மை உருட்டுவது, தாளை எடுப்பது. பேத்தி எடுத்துத் தருவாள். வேகத்தைக் கூட்டாதீர்கள், அப்படியே போடுங்கள்.

சால்டரிங்

ஐயா படம் தந்தால் ஒரு சின்னத் திரை போதும். யந்திரத்துக்குப் பக்கத்தில், கட்டையோடு உட்கார்ந்திருக்கிறவர் நிமிர்ந்தால் திரையும் யந்திரமும் ஒரே பார்வையில் விழும்படி வையுங்கள். ராஸ்பெரி பை என்கிற சின்னக் கணினி ஒன்று, மின்சாரம் வந்ததும் தானாக ஓடத் தொடங்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கித்தான் அணைப்பார்கள், அதை மாற்ற முடியாது. அதனால் எஸ்.டி. கார்டைப் படிக்க மட்டும் என்று ஓவர்லே முறையில் (எழுதுவதெல்லாம் கார்டில் பதியாமல் தற்காலிக நினைவகத்துக்குப் போகும்) பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் திடீரென்று கரண்ட் போகும் ஏதோ ஒரு நாளில் கார்டு கெட்டுவிடும். தொடுதல் வேண்டாம், பித்தான் வேண்டாம், ஒலியும் வேண்டாம்.

லூப்புக்குள்

வசன வரியாவது போடுவீர்களா?

சால்டரிங்

ஒலியே இல்லையே.

லூப்புக்குள்

சரி. நாலு மொழி விளக்கத்தை கியூ.ஆரில் வையுங்கள், சண்டையை முடித்துக்கொள்கிறேன்.

நாலாம்_பெஞ்சு

கடைசி நிலவரம். மேசை போய் நின்றுவிட்டது. மரக்கட்டை 4 செ.மீ., பக்கத்தில் ஆழமான வெட்டு, முன்பலகை இல்லாத சரிவு மேசை, அக்ரிலிக் கண்ணாடி, கார்பன் தாள், மரக்கரண்டி. யந்திரத்தின் அருகே சின்னத் திரையில் ஐயாவின் கைகள். படத்தில் அவர் எழுத்தைப் பார்ப்பதே இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, தன் கட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் எங்கேயும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மூன்று பத்தி விளக்க அட்டை இப்போது ஒரே வரி: "உங்கள் பெயரைக் கண்ணாடியில் வரவழையுங்கள்." மிச்சம் கியூ.ஆரில், நாலு மொழியில். நண்பனின் முன்னூறு வரி கோட் எங்கேயும் பயன்படவில்லை. ஆனால் கட்டைகளின் எழுத்தை இடவலம் திருப்பி, லேசர் வெட்டுக்கு அடுக்கிக் கொடுக்க அவன் இன்னொரு நாற்பது வரி எழுதினான், அது இல்லாமல் வேலை ஓடியிருக்காது. மதிப்பெண் இன்னும் வரவில்லை.

புதுப் பிரச்சினை ஒன்றுதான். கட்டை காணாமல் போகிறது. பிள்ளைகள் தங்கள் பெயரின் முதல் எழுத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். 'ம' ஐந்து போய்விட்டது, 'ஔ' ஒன்றுகூடப் போகவில்லை.

கூடக்காரி

கட்டையைச் சங்கிலியில் கட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. வாரம் ஒருமுறை எண்ணி நிரப்ப ஒரு டப்பா உதிரி கொடுத்துவிட்டுப் போங்கள். எந்த எழுத்து எத்தனை இருக்க வேண்டும் என்று மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் துடைத்துவிடுவார்கள்.

ஈயவிரல்

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேஸை மறுபடி போய்ப் பாருங்கள் தம்பி. எல்லா அறையும் ஒரே அளவிலா இருக்கிறது?

நாலாம்_பெஞ்சு

போய்ப் பார்த்தேன் ஐயா. இல்லை. எங்கள் பெட்டியில் எல்லாவற்றையும் ஒரே அளவாக அடித்துவைத்திருக்கிறோம். 'ம' அறையையும் 'க' அறையையும் பெரிதாக்க இன்று தடுப்பைப் பிடுங்குகிறோம். 'ஔ' வை ஓரத்துக்குத் தள்ளியாயிற்று.